பட்டுக்கோட்டைப் பக்கம் வீட்டுத் தென்னை, மா, வேம்பு: யார் சொல்வதைக் கேட்டு வைத்தியம் பார்ப்பது?

கொல்லைத்தோட்டம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பட்டுக்கோட்டைக்குத் தெற்கே, மணற்பாங்கான மண். கொல்லையில் 11 நெட்டைத் தென்னை (எல்லாமே 20 வயதுக்கு மேல்), 2 ஒட்டு மா, 1 வேம்பு. இரண்டு தென்னையில் அடிமட்டைகள் மஞ்சளாகித் தண்டோடு ஒட்டித் தொங்குகின்றன. அதில் ஒன்றில் தூரிலிருந்து இரண்டடி உயரம் வரை செம்பழுப்பாகச் சாறு வடிந்து காய்ந்திருக்கிறது. மற்ற மரங்களில் குரும்பை உதிர்கிறது. ஓலையெல்லாம் கரி பூசியது போலக் கறுப்பு.

உரக்கடையில் ஒரு சிவப்பு முக்கோண மருந்தை வேரில் கட்டச் சொல்கிறார்கள். மரம் ஏறுபவர் மரத்துக்கு 5 கிலோ கல்லுப்பு என்கிறார். பொள்ளாச்சி வீடியோ ஒன்றில் இது வாடல் நோய், வெட்டித்தான் ஆகவேண்டும் என்கிறார்கள். மூன்றும் மூன்று திசை. உள்ளூரில் நம்பிக் கேட்கக்கூடிய இடம் எது?

---

வேர்முனை எழுதியது:

யாரைக் கேட்பது என்பதைப் பிறகு பார்க்கலாம். சாறு வடியும் மரம்தான் அவசரம். எதையும் வாங்குவதற்கு முன் அதை நீங்களே கிட்டப்போய்ப் பாருங்கள். தென்னையில் சாறு வடிய மூன்று முக்கியக் காரணங்கள் உண்டு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

முதலாவது தஞ்சாவூர் வாடல், அதாவது அடித்தண்டு அழுகல். கானோடெர்மா என்ற பூஞ்சாணம் வேர் வழியாக ஏறுகிறது. சாறு தரைமட்டத்தை ஒட்டித் தொடங்கி மேல்நோக்கிப் போகும். வெளிச்சுற்று மட்டைகள் மஞ்சளாகித் தொங்கும், குருத்து கடைசிவரை நன்றாகவே இருக்கும். தூரோரம் தோண்டினால் வேர்கள் பழுப்பேறி, கையில் எடுத்தால் உதிரும். மழைக்காலத்தில் தூரில் பளபளப்பான, விசிறி வடிவக் காளான் தெரிந்தால் சந்தேகமே இல்லை. 1952 புயலுக்குப் பின் உங்கள் மாவட்டத்தில் பதிவானதால்தான் அந்தப் பெயர். மணற்பாங்கான மண்ணும் கோடையில் தண்ணீர்ப் பஞ்சமும் சேர்ந்தால் அதற்குக் கொண்டாட்டம்.

இரண்டாவது சிவப்புக் கூன்வண்டு. தண்டில் ஓட்டை இருக்கும், அதில் மென்று துப்பிய நார் பிதுங்கியிருக்கும், புளித்த வாடை வரும். காதை வைத்துக் கேட்டால் உள்ளே புழு கரகரவென்று அரிப்பது கேட்கும். இதில் முதலில் வாடுவது உள்மட்டை.

மூன்றாவது சாறு வடிதல் நோய். தண்டில் வெடிப்பு விட்ட இடங்களில் திட்டுத் திட்டாக வடிந்து கறுக்கும். தரையை ஒட்டித்தான் தொடங்க வேண்டும் என்றில்லை. திட்டைச் செதுக்கினால் உள்ளே திசு நிறம் மாறி அழுகியிருக்கும், பக்கத்து வேர் நலமாக இருக்கும்.

தூரிலிருந்து ஓரடி தள்ளி ஒரு முழ ஆழம் தோண்டி வேரைப் பார்த்துச் சொல்லுங்கள். தண்டு முழுக்க ஓட்டை இருக்கிறதா என்றும் பாருங்கள்.

---

கொல்லைத்தோட்டம் எழுதியது:

நன்றி ஐயா. ஓட்டை இல்லை, நார் இல்லை, வாடை இல்லை. ஒரு பக்கத்து வேர்கள் பழுப்பாகி நசுங்குகின்றன. காளான் எதுவும் இல்லை. மஞ்சள் விழுந்த இரண்டாவது மரத்தில் சாறே இல்லை, வேரும் வெளிர் நிறமாக உறுதியாக இருக்கிறது.

---

வேர்முனை எழுதியது:

அப்படியானால் முதல் மரம் பெரும்பாலும் தஞ்சாவூர் வாடல்தான். இரண்டாவது மரத்தை அதே கணக்கில் சேர்க்காதீர்கள். அடிமட்டை மஞ்சளாவது சத்துக் குறையாகவும் இருக்கலாம். நுனியிலும் ஓரத்திலும் ஆரஞ்சுப் புள்ளிகளோடு கருகினால் சாம்பல் சத்து (பொட்டாசியம்) குறை. ஓலையின் நடுநரம்பை ஒட்டிப் பச்சையாக நின்று விளிம்பு மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம் குறை, அதற்கு ஆண்டுக்கு 500 கிராம் மெக்னீசியம் சல்பேட் போதும்.

முதல் மரத்துக்கு நான் சொல்வது தற்காப்பு. உறுதிப்படுத்துவது ஆராய்ச்சி நிலையத்தின் வேலை. பாசன நீர் அந்த மரத்தின் பாத்தியிலிருந்து அடுத்த மரத்துக்கு ஓடக்கூடாது, இன்றைக்கே வரப்பு வெட்டி மறித்துவிடுங்கள். இந்தப் பூஞ்சாணம் பரவ வாய்க்கால் தண்ணீரும் மண்வெட்டிபட்ட வேர்க்காயமும் போதும். ஒவ்வொரு மரத்துக்கும் தனித்தனி வட்டப்பாத்தி. கோடையில் நான்கு நாளுக்கு ஒரு முறையாவது தண்ணீர்.

ஆண்டுக்கு மரத்துக்கு வேப்பம் புண்ணாக்கு 5 கிலோ. தொழு உரம் 50 கிலோவில் டிரைக்கோடெர்மா விரிடி (நோய்ப் பூஞ்சாணத்தை அழிக்கும் நல்ல பூஞ்சாணம்) 200 கிராம், சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) 200 கிராம் கலந்து பாத்தியில் இட்டு மூடி ஈரம் காக்க வேண்டும். 1 சத போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் சேர்ந்த பூஞ்சாண மருந்து) 40 லிட்டரைத் தூரைச் சுற்றி 2 மீட்டருக்குள் ஊற்றுவதும் பரிந்துரையில் உண்டு. ஆனால் இரண்டையும் ஒரே சமயத்தில் செய்தால் போர்டோவில் உள்ள செம்பு டிரைக்கோடெர்மாவையும் கொன்றுவிடும், போட்ட காசு வீண். முதலில் போர்டோ, ஒரு மாதமாவது கழித்து டிரைக்கோடெர்மா.

---

கீற்றுமுடைவோன் எழுதியது:

போர்டோ கலவையைக் கடையில் கேட்டால் பாக்கெட்டில் வேறு ஏதோ செம்பு மருந்தைத் தருவார்கள். வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது. 40 லிட்டருக்கு மயில்துத்தம் (செம்பு சல்பேட்) 400 கிராம், நீறாத நல்ல சுண்ணாம்பு 400 கிராம். பிளாஸ்டிக் வாளியிலோ மண்பானையிலோதான் கரைக்க வேண்டும், இரும்பு ஆகாது. துத்தத்தை 20 லிட்டரில் தனியாக, சுண்ணாம்பை 20 லிட்டரில் தனியாகக் கரைத்து வடிகட்டி, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் ஊற்றிக் கலக்க வேண்டும். மாற்றி ஊற்றாதீர்கள். தீட்டிய கத்தியைக் கொஞ்ச நேரம் முக்கி எடுங்கள். செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இன்னும் சேருங்கள். படியாவிட்டால் சரி. அன்றே ஊற்றிவிட வேண்டும், மறுநாளுக்கு வைத்தால் வீரியம் போய்விடும்.

---

உழவன்மகள் எழுதியது:

நம்பிக் கேட்கும் இடம் உங்களுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேப்பங்குளத்தில் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் தென்னை ஆராய்ச்சி நிலையம் உள்ளது. உங்கள் மண்ணையும் இந்த நோயையும் ஆண்டுக்கணக்கில் பார்த்துவருபவர்கள். திருவாரூர் பக்கம் என்றால் நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையம், நாகப்பட்டினம் பக்கம் என்றால் சிக்கல்.

ஒரு விஷயத்தில் பலர் அலைகிறார்கள். தமிழ்நாட்டில் தென்னையைப் பார்ப்பது வேளாண்மைத் துறை, மாவைப் பார்ப்பது தோட்டக்கலைத் துறை. தென்னைக்கு வட்டார வேளாண் விரிவாக்க மையம், மாவுக்குத் தோட்டக்கலை உதவி இயக்குநர் அலுவலகம். தவறான அலுவலகத்தில் காத்திருந்து "அது எங்க பிரிவு இல்லீங்க" என்று கேட்டுத் திரும்ப வேண்டாம்.

வெறுங்கையோடு போனால் பொதுவான பதில்தான் வரும். இவற்றைக் கொண்டுபோங்கள்: முழு மரம், கொண்டை, அடித்தண்டு (பக்கத்தில் ஒரு அடிக்கோல் வைத்து), ஓலையின் அடிப்பக்கம் என நான்கு படங்கள். அழுகிய வேரும் நல்ல வேரும் தனித்தனித் தாள் உறையில். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வியர்த்துப் புழுத்து, எது நோய், எது பிறகு வந்த பூசணம் என்று அவர்களாலும் சொல்ல முடியாது. கடந்த ஓராண்டில் என்ன உரம், என்ன மருந்து, எந்த மாதம் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். சத்துக்குறை சந்தேகம் இருக்கும் மரத்தில் மேலிருந்து 14-வது மட்டையின் ஓலைதான் இலைப் பரிசோதனைக்கு உரியது. குருத்தோலையோ அடியோலையோ எடுத்தால் எண் தவறாக வரும்.

உடனடிக் கேள்விக்கு கிசான் அழைப்பு மையம், 1800-180-1551, காலை 6 முதல் இரவு 10 வரை, தமிழிலேயே பேசலாம். ஆனால் மரத்தைப் பார்க்காமல் அவர்கள் சொல்வதற்கும் ஒரு எல்லை உண்டு. "இது என்னவாக இருக்கலாம், யாரிடம் காட்டலாம்" என்று கேட்க அது நல்ல வழி.

---

கீற்றுமுடைவோன் எழுதியது:

பொள்ளாச்சி வீடியோ பற்றி. அங்கே பேசப்படுவது கேரள வேர் வாடல். பைட்டோபிளாஸ்மா என்ற பாக்டீரியா வகை நுண்ணுயிரால் வருவது, மருந்து கிடையாது. கோவை, தேனி, தென்காசி, குமரி போன்ற எல்லையோர மாவட்டங்களின் பெரிய கவலை அதுதான். அங்கே நோய் முற்றிய மரத்தை அகற்றச் சொல்வது நியாயமான ஆலோசனை. அதை அப்படியே டெல்டாவுக்குக் கொண்டுவந்து பொருத்துவதுதான் தவறு. எந்த வீடியோவாக இருந்தாலும் எந்த மாவட்டம், என்ன மண், எந்த மாதம் என்பதை முதலில் பாருங்கள். சொல்லவே இல்லையென்றால் மேலே பார்க்கத் தேவையில்லை.

---

செம்மண்காரன் எழுதியது:

உப்புப் போடச் சொன்னதை ஏன் எல்லாரும் ஒதுக்குறீங்க? தென்னைக்குக் குளோரின் வேணும்னு ஆராய்ச்சியாளர்களே சொல்றாங்க. கேரளாவில் உப்புப் போட்டுத்தான் நடுறாங்க.

---

வேர்முனை எழுதியது:

செம்மண்காரன் தம்பி, இரண்டும் உண்மைதான். ஆனால் கேரளத்தில் நடவுக்கு ஆறு மாதம் முன் குழிக்கு 2 கிலோ உப்பு இடுவது கெட்டியான செம்பூரான் பாறை மண்ணை இளக்குவதற்காக. நடவுக்கு முந்தைய வேலை அது, வளர்ந்த மரத்துக்கான வைத்தியம் அல்ல. குளோரின் தேவை உண்மை, ஆனால் பொட்டாஷ் என்று நாம் வாங்குவது பொட்டாசியம் குளோரைடு. ஆண்டுக்கு 2 கிலோ பொட்டாஷ் போட்டால் குளோரின் தானாக வந்துவிடும். கல்லுப்பில் கூட வருவது சோடியம். களிமண்ணில் அது மண் துகள்களைப் பிரித்துப் பிசுபிசுப்பாக்கி, தண்ணீர் இறங்காமல் செய்துவிடும். கடலோரத்தில் கிணற்று நீரே உப்பாக இருக்கும்போது மரத்துக்கு 5 கிலோ போடுவது தேவையற்ற சுமை. வேர் அழுகும் மரத்துக்கு இன்னும் கேடு.

---

செம்மண்காரன் எழுதியது:

சரி, பொட்டாஷ் கணக்கு புரியுது. அப்போ மொத்த உர அளவையும் சொல்லிடுங்க.

---

வேர்முனை எழுதியது:

நெட்டை, 5 வயதுக்கு மேல், ஓராண்டுக்கு: யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ, தொழு உரம் 50 கிலோ. ரசாயன உரத்தை இரண்டாகப் பிரித்து ஆனி-ஆடியில் பாதி, மார்கழி-தையில் பாதி. தூரை ஒட்டிக் கொட்டக்கூடாது. சத்தை உறிஞ்சும் வேர்கள் தள்ளித்தான் இருக்கின்றன, 6 அடி ஆரத்துக்கு வட்டப்பாத்தி எடுத்து அதில் பரப்பிக் கொத்தி மூடித் தண்ணீர் விட வேண்டும். மண் பரிசோதனை முடிவு கையில் இருந்தால் இந்தப் பொது அளவை அதன்படி மாற்றிக்கொள்ளுங்கள்.

வாடல் வந்த மரத்தில் கொத்தாதீர்கள், வேர் அறுபடும். மேலாகப் பரப்பி மூடாக்குப் போடுங்கள்.

---

இளநீர்_நாட்டார் எழுதியது:

"இரண்டே மாதத்தில் காய் கொத்துக் கொத்தாய்" என்று விற்கும் டானிக்குகள் பற்றியும் சொல்ல வேண்டும். தென்னையில் பாளையின் கரு உருவாகி அது வெடிக்க ஏறத்தாழ 32 மாதம், பிறகு காய் முற்ற 12 மாதம். ஆக 44 மாதம். இன்று நீங்கள் வெட்டும் காய்க்கு விதை போட்டது மூன்றரை ஆண்டுக்கும் முந்தைய தண்ணீரும் உரமும். 2018 நவம்பரில் கஜா புயலில் கொண்டை முறுக்கிய மரங்கள் அடுத்த ஆண்டே தெளிந்துவிடாமல் இழுத்துக்கொண்டே போனதற்கும் இதுதான் காரணம். எந்த மருந்தாலும் இல்லாத பாளையை இரண்டு மாதத்தில் வரவழைக்க முடியாது. இருக்கும் குரும்பை உதிர்வதைக் குறைக்கத்தான் முடியும்.

அதற்குப் பல்கலைக்கழகத்தின் தென்னை டானிக் உண்டு. மரத்துக்கு 40 மி.லி. டானிக், 160 மி.லி. தண்ணீர், ஆறு மாதத்துக்கு ஒரு முறை. தூரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி மண்ணை மெதுவாக விலக்கி, பென்சில் கனத்தில் வெளிர் நிறமாக உயிரோடு இருக்கும் வேரைப் பிடியுங்கள். கரும்பழுப்பான கிழ வேர் உறிஞ்சாது. கூரிய கத்தியால் சாய்வாக ஒரே வெட்டு. நசுங்கினால் உறிஞ்சாது. வேரின் வெட்டுமுனை பையின் அடிவரை போகும்படி, டானிக் கலவை ஊற்றிய பாலித்தீன் பையைச் செருகி, நூலால் கட்டி மண்ணால் மூடுங்கள். மறுநாள் பை அப்படியே நிரம்பி நின்றால் அந்த வேர் பயனில்லை, வேறு வேர் பாருங்கள்.

---

கொல்லைத்தோட்டம் எழுதியது:

கடையில் சொன்ன சிவப்பு முக்கோண மருந்து மோனோகுரோட்டோபாஸ். அதையும் இப்படித்தான் வேரில் கட்டச் சொன்னார்கள்.

---

உழவன்மகள் எழுதியது:

வேண்டவே வேண்டாம். முன்பு சில பூச்சிகளுக்கு அது பரிந்துரையில் இருந்ததால் கடைக்காரர் நாவில் இன்னும் இருக்கிறது. காய்கறிகளில் அதற்கு 2005 முதலே தடை. சிவப்பு முக்கோணம் என்றால் மிகக் கொடிய நஞ்சு. பிள்ளைகளும் கோழியும் நடமாடும் கொல்லையில், அதுவும் இளநீர் குடிக்கும் மரத்தில், அதற்கு இடமே இல்லை. இன்னொன்று, அது பூச்சிமருந்து. உங்கள் மரத்தில் இருப்பது பூஞ்சாணம். நோயின் பெயரைக் கேட்காமலேயே மருந்தின் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள் என்பது இதிலேயே தெரிகிறது.

கடையில் எதை வாங்கினாலும் மூன்றைக் கவனியுங்கள். மருந்துப் பெயரும் சத விகிதமும் எழுதிய ரசீது. தென்னைக்கு, இந்த நோய்க்கு என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறதா என்பது. காய் பறிக்க எத்தனை நாள் காத்திருக்க வேண்டும் என்பது. வாடலுக்கு ஹெக்சகோனசோல் என்ற பூஞ்சாண மருந்து 2 மி.லி. 100 மி.லி. தண்ணீரில், மூன்று மாதத்துக்கு ஒரு முறை வேர் வழியாகக் கட்டுவது பரிந்துரைதான். நிலையத்தில் நோயை உறுதி செய்த பிறகு கட்டுங்கள். கட்டுவதற்கு முன் முற்றிய காயையும் இளநீரையும் இறக்கிவிட்டு 45 நாள் அந்த மரத்தைத் தொடாதீர்கள்.

---

மட்டைவரிசை எழுதியது:

மரம் ஏறுபவரை ஒதுக்கிவிடாதீர்கள். 40 அடி உயரத்தில் கொண்டையை நேரில் பார்ப்பவர் அவர் ஒருவர்தான். வைத்தியம் கேட்பதைவிட, கண்ணால் கண்டதைக் கேளுங்கள். "அண்ணே, குருத்தோலையில் விசிறி மாதிரி வெட்டு இருக்கா? மட்டை இடுக்கில் ஓட்டையும் சக்கையும் இருக்கா? பாளை கறுத்திருக்கா? மொத்தம் எத்தனை மட்டை நிக்குது?" நல்ல நெட்டை மரத்தில் 30-க்குக் குறையாமல் மட்டை நிற்கும், மாதம் ஒன்று புதிதாக விரியும். 20-க்குக் கீழே போனால் மரம் இளைக்கிறது என்று பொருள்.

விசிறி வெட்டு இருந்தால் காண்டாமிருக வண்டு. கம்பியால் வண்டைக் குத்தி எடுத்துவிட்டு, மணல் இரண்டு பங்கு, வேப்பங்கொட்டைத் தூள் ஒரு பங்கு கலந்து 150 கிராமை மேல் மூன்று மட்டை இடுக்குகளில் போடச் சொல்லுங்கள். எருக்குழியில்தான் அது முட்டையிடும். குழியைக் கிளறிப் புழுவைப் பொறுக்காமல் மரத்தில் மட்டும் பார்த்தால் தீராது.

அவரிடம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டிய இரண்டு உண்டு. பச்சை மட்டையை வெட்டத்தான் வேண்டும் என்றால் தண்டிலிருந்து 4 அடி விட்டு வெட்ட வேண்டும். ஒட்ட வெட்டினால் அந்த வாடைக்குக் கூன்வண்டு வந்து முட்டையிடும். தண்டில் ஏறுவதற்குப் படி செதுக்கக்கூடாது, ஆணியும் அடிக்கக்கூடாது. மா, வேம்பின் காயத்தைச் சுற்றிப் புதுப்பட்டை வளர்ந்து மூடும். தென்னைக்கும் பனைக்கும் அந்த வளர்திசு கிடையாது, பட்ட காயம் மரம் சாகும்வரை திறந்தே இருக்கும். குருத்தும் ஒன்றே ஒன்று. அது போனால் பக்கக் கிளை வந்து காப்பாற்றாது.

---

இளநீர்_நாட்டார் எழுதியது:

ஓலைக் கறுப்பு பற்றி யாரும் சொல்லவில்லை. அது சுருள் வெள்ளை ஈயின் தேன்கழிவில் வளரும் கரும்பூசணம். ஓலையைத் திருப்பிப் பாருங்கள், அடியில் வெள்ளை மெழுகுச் சுருள்கள் இருக்கும். 2016-ல் பொள்ளாச்சியில் முதலில் தெரியவந்து நாடெங்கும் பரவிய ஈ. பூச்சிமருந்து அடிக்காதீர்கள். என்கார்சியா என்ற சிறு குளவி இந்த ஈயின் குஞ்சுக்குள் முட்டையிட்டு அழிக்கிறது, மருந்து முதலில் கொல்வது அந்தக் குளவியைத்தான். குஞ்சுகள் கறுத்து, மேலே வட்டமாக ஓட்டை தெரிந்தால் குளவி வேலை செய்கிறது என்று பொருள். ஓலையின் அடியில் விசையாகத் தண்ணீர் பீய்ச்சுங்கள். விளக்கெண்ணெய் தடவிய மஞ்சள் தாளை ஆளுயரத்தில் மரத்துக்கு மரம் கட்டுங்கள். கரும்பூசணத்துக்கு மைதா 25 கிராமை ஒரு லிட்டர் தண்ணீரில் காய்ச்சிய பசையாக்கி வடிகட்டி ஓலை மேல் தெளித்தால், வெயிலில் காய்ந்து பூசணத்தோடு உரிந்து விழும். மழை நாளில் தெளித்துப் பயனில்லை.

---

கொல்லைத்தோட்டம் எழுதியது:

ஓட்டை விழுந்த குஞ்சுகள் நிறையவே இருக்கின்றன. மருந்து அடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டேன். மா, வேம்பு பற்றியும் ஒரு வார்த்தை. வேம்பு நுனி காய்ந்து நிற்கிறது, வெட்டிவிடலாம் என்கிறார்கள். மாவில் ஒரு தடித்த கிளை கூரையில் உரசுகிறது.

---

மட்டைவரிசை எழுதியது:

வேம்பை விட்டுவிடுங்கள். மார்கழி முதல் மாசி வரை நுனிக்கொம்பு காய்வது தேயிலைக் கொசு (பெயர்தான் கொசு, சாறு உறிஞ்சும் பூச்சி) கடித்த இடத்தில் போமாப்சிஸ் பூஞ்சாணம் புகுவதால். பல மாவட்டங்களில் பார்க்கிறோம். வெயில் ஏறியதும் பெரும்பாலான மரம் துளிர்த்துவிடும். அதற்குப் பிறகும் துளிர்க்காத கொம்பை மட்டும் நீக்கினால் போதும்.

மாங்கிளையைக் காய்ப்பு முடிந்த பிறகு எடுங்கள், பூக்கும் பருவத்தில் வேண்டாம். தண்டிலிருந்து ஒன்றரை அடி தள்ளிக் கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுக்க வேண்டும். அதற்கு நாலு விரல் வெளியே மேலிருந்து அறுத்தால் கிளை பட்டையைக் கிழிக்காமல் விழும். மீதிக் குச்சியைக் கிளை புறப்படும் இடத்தில் தடித்திருக்கும் வளையத்தை ஒட்டி, வளையத்தை வெட்டாமல் எடுக்க வேண்டும். அந்த வளையத்திலிருந்துதான் காயம் மூடும். தண்டோடு வழவழவென்று அறுத்துத் தருபவர் வேலை தெரிந்தவர் அல்ல. வெட்டுவாயில் போர்டோ பசை: மயில்துத்தம் 100 கிராம், சுண்ணாம்பு 100 கிராம், தண்ணீர் 1 லிட்டர். பொந்தில் சிமெண்ட் அடைக்கவும் சம்மதிக்காதீர்கள், உள்ளே ஈரம் நின்று அழுகல் கூடும்.

---

கொல்லைத்தோட்டம் எழுதியது:

கடைசியாக ஒன்று. நிலையத்தில் வாடல் என்று உறுதியானால், மரத்தைக் காப்பாற்ற முடியாத நிலை எது? எடுத்த இடத்தில் உடனே கன்று வைக்கலாமா?

---

வேர்முனை எழுதியது:

சாறு ஆறேழு அடிக்கு மேல் ஏறி, பாளை வருவது நின்று, புது மட்டை சிறுத்தால் வைத்தியத்தில் பணம் போடாதீர்கள். இப்போதைய இரண்டடி என்றால் முயன்று பார்க்கலாம். சாறு எங்கே முடிகிறதோ அங்கே சுண்ணாம்பால் கோடு போட்டு மாதா மாதம் பாருங்கள். கோட்டைத் தாண்டவில்லை என்றால் பிடிபட்டிருக்கிறது.

அந்த மரத்தைச் சுற்றித் தூரிலிருந்து 4 அடி தள்ளி, 2 அடி ஆழம், 1 அடி அகலத்தில் தனிமைப்படுத்தும் அகழி எடுங்கள். சுற்றுச்சுவர் பக்கம் இடமில்லை என்றால் மற்ற மரங்கள் இருக்கும் பக்கமாவது அரைவட்டம் கட்டாயம். அகழியில் குப்பை நிரப்பாதீர்கள், தண்ணீர் ஓடவும் விடாதீர்கள்.

எடுக்க நேர்ந்தால் தரையோடு அறுத்து நிறுத்தக் கூடாது. தூர்க்கட்டையையும் வேரையும் தோண்டி எடுத்து அங்கேயே எரித்துவிட வேண்டும், பூஞ்சாணம் கட்டையில் பல ஆண்டு வாழும். உடனே தென்னை வைக்காதீர்கள். வேப்பம் புண்ணாக்கும் டிரைக்கோடெர்மா கலந்த தொழு உரமும் இட்டு வாழை வையுங்கள். டெல்டாவில் வாழை ஊடுபயிர் இருக்கும் தோப்பில் இந்த வாடல் குறைவு என்பதால் பல்கலைக்கழகமே அதைப் பரிந்துரைக்கிறது. கன்று வைக்கும் காலம் வரும்போது பழைய குழியிலேயே வைக்காமல் தள்ளி வையுங்கள். கன்றை வேப்பங்குளத்திலேயே கேட்டு வாங்கலாம். தேவையை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பருவத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும்.